உரக்க ஒலிப்பதெல்லாம் இனிமையா?



ஆடிச் சாரலில் சூரியகாந்தி பூத்திருந்த வேளையில், சுந்தரபாண்டியபுரத்தில் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவள் மகன், மின் கிதாருக்கான ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை இரவலாகக் கொண்டுவந்திருந்தான். மறுநாள் அதைத் திருப்பித் தரவேண்டும். இல்லையேல் விலை கொடுக்கவேண்டும். வயல்வேலையில் மூன்று மாதம் சேர்த்த பணமே அவன் கையிருப்பு. "காசைக் கரியாக்குகிறான்" என்று தங்கை கண்கலங்கினாள்.

பெடல், கிதாரின் மெல்லிய மின்னலையைப் பெருக்குகிறது. எல்லை மீறும் அலையின் உச்சிகளை டையோடுகள் மழுக்க, புதிய மேற்சுரங்கள் பிறந்து நாதம் கரகரக்கிறது. முன்பு வால்வு ஒலிபெருக்கியை அளவுமீறி முடுக்கிப் பெற்ற இக்கரகரப்பை, 1977இல் வந்த பாஸ் ஓ.டி.-1 போன்ற சிறு பெட்டிகள் காலடிக்குக் கொண்டுவந்தன.

மருமகன் பெடலை மிதித்தான். "எவ்வளவு நன்றாயிருக்கிறது, மாமா!" என்று பூரித்தான். ஒலியளவும் கூடியிருந்தது. உரத்ததையே சிறந்ததென நம்புவது நம் செவியின் இயல்பு. இளமையில் கிதார் பழகியவனாதலால், 'லெவல்' குமிழைத் தணித்து, மிதித்தாலும் விட்டாலும் ஒரே அளவு ஒலிக்கச் செய்தேன். 'டிரைவ்' குமிழைப் பாதியில் நிறுத்தினோம். ஒற்றைத் தந்தியை மெல்ல மீட்டினால் நாதம் தெளிந்தது; அழுத்தினால் சீறியது. பல சுரங்கள் சேர்ந்த கார்டுகளோ குழம்பின. அவன் வாசிப்பது பெரும்பாலும் பாட்டுக்குத் துணையான கார்டுகளே.

சற்று மௌனமாயிருந்தான். "இப்போதைக்கு வேண்டாம், மாமா." மறுநாள் தென்காசிக்குச் சென்று பெடலை ஒப்படைத்துவிட்டு, புதிய தந்திகள் மட்டும் வாங்கிவந்தான்.

பெற்றோரே, பிள்ளைகளின் ஆசையை உடனே மறுக்காதீர்கள். சோதித்தறிய ஒருநாள் கொடுங்கள்.