ஊர் சுத்துறாளாம்!

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மனைவியின் தம்பி ஒரு குரல்பதிவு போட்டிருந்தார். நாற்பது வினாடி. "அத்தான், பேத்தி ஜெர்மனிக்குப் படிக்கப் போயிருக்காளா, ஊர் சுத்தப் போயிருக்காளா? போன வாரம் ஒரு ஊரு, இந்த வாரம் ஒரு ஊரு. லோனை யாரு கட்டுறது?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். அதில் நான்கு பேர் என் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கும் என் பேத்திக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

இது இரண்டாவது முறை. முதல் முறை இதே கேள்வி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கான பலனை அந்தப் பெண் அனுபவித்தாள். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருடம் வங்கியில் குப்பை கொட்டியவனுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

பேத்தி இருப்பது ஆஹன் நகரத்தில். ஜெர்மனியின் மேற்கு ஓரம். கட்டுமானப் பொறியியலில் முதுகலை. அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. அரையாண்டுக்கு ஒருமுறை சுமார் 300 யூரோ கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விசா வாங்குவதற்கு ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டு முடக்கிக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அவள் கிளம்பியபோது அது 11,904 யூரோ. நம் பணத்தில் பதினோரு லட்சத்துக்கு மேல். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். கடன் வாங்கியது முக்கியமாக இதற்குத்தான்.

அந்த 300 யூரோவுக்குள்ளேயே ஒரு பயணச்சீட்டு அடக்கம். ஜெர்மனி முழுவதும் நெடுந்தூர விரைவு ரயில் தவிர மற்ற ரயில், டிராம், பேருந்து எதில் வேண்டுமானாலும் ஏறலாம். ஊர்க்காரர்களுக்கு 2025இல் மாதம் 58 யூரோ ஆன சீட்டு, மாணவர்களுக்கு அதில் அறுபது சதவீத விலை. வேண்டாம் என்று சொல்ல முடியாது, கட்டணத்தோடு சேர்ந்தே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை அவள் கொலோனுக்குப் போனாலும் அதே பணம்; அறைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாலும் அதே பணம். கடன் கட்டுகிறவன் நியாயமாக எதைப் பார்த்து வயிறு எரிய வேண்டும்?

எல்லை தாண்டினால் மட்டும்தான் தனிச் செலவு. ஆஹன் இருக்கும் இடம் அப்படி. மாஸ்ட்ரிக்ட் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், அது நெதர்லாந்து. லியேஜ் நாற்பத்துச் சொச்சம், அது பெல்ஜியம். காலையில் போனால் ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஓட்டல் வாடகை கிடையாது. அவளிடம் ஒரு வருடக் கணக்கைக் கேட்டேன். எக்செல் தாளே அனுப்பிவிட்டாள், என் ரத்தம் அல்லவா. பதின்மூன்று பயணம், மொத்தம் 231 யூரோ. முடக்கிய பணத்தில் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. கையில் எடுத்துப் போவது எலுமிச்சை சாதம். இதையும் அவள் கடனிலிருந்து எடுக்கவில்லை. ஆய்வகத்தில் மாணவ உதவியாளராக வேலை செய்து சம்பாதித்தது.

கேள்வி கேட்ட என் மைத்துனர் மூன்று வருடத்துக்கு முன் பத்து நாளில் எட்டு நாடு என்ற சுற்றுலாவுக்குப் போய்வந்தவர். பஸ்ஸிலேயே தூக்கம், கூடவே சமையல்காரர், மூன்று வேளையும் இட்லி சாம்பார். பிரஸ்ஸல்ஸில் அட்டோமியம் முன்னால் இருபது நிமிடம் நின்று படம் பிடித்துக்கொண்டார். அது எதற்காக எப்போது கட்டியது என்று கேட்டால் தெரியாது. (1958 உலகக் கண்காட்சிக்குக் கட்டியது மாப்ளே.) அதற்கு ஆன செலவில் என் பேத்தி இருபது வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பார்க்கலாம். அந்தப் படங்களுக்கு நானும் கட்டைவிரல் தூக்கினேன். அவர் மகன் துபாயிலிருந்து வாரா வாரம் பாலைவனத்தில் ஜீப் ஓட்டுகிற படம் போடுகிறான். "வேலைக்குப் போனியா, மணல்ல உருளப் போனியா" என்று எவரும் கேட்டதில்லை. பையன் போனால் அனுபவம். பெண் போனால் ஊர் சுத்துறது. தமிழில் 'ஊர் சுத்தி' என்பதை ஆணுக்குச் செல்லமாகச் சொல்வோம், பெண்ணுக்கு எப்படிச் சொல்வோம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி முதல் முறை நடந்தது. 2024 நவம்பர். பேத்தி போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவள் போன முதல் இடத்துக்குக் காசே செலவில்லை. வால்ஸ் என்ற எல்லைக் கிராமத்துக்குப் பக்கத்தில் 322 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் அதன் உச்சியில் சந்திக்கின்றன. நடந்தே போய் மூன்று நாட்டிலும் ஒரு நிமிடத்துக்குள் கால் வைத்த படத்தைக் குழுவில் போட்டாள். அடுத்து கொலோன் பேராலயம். அதற்கடுத்து லியேஜ். அப்போதுதான் ஆரம்பித்தார்கள். ஒருவர் 'படிப்பு எப்படிப் போகிறது' என்று பூடகமாக. இன்னொருவர் 'கூட யார் யார் போனது' என்று அதைவிடப் பூடகமாக. நான் பார்த்தேன். பார்த்ததற்கு நீலக் குறியும் விழுந்திருக்கும். பேசாமல் இருந்துவிட்டேன். வயதான காலத்தில் உறவுக்குள் எதற்குச் சண்டை என்று நினைத்தேன்.

அவள் படம் போடுவதை நிறுத்தினாள். பிறகு போவதையே நிறுத்தினாள். இது எங்களுக்குத் தெரியாது. டிசம்பரில் அங்கே மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. தெருவில் ஆள் இருக்காது. பன்னிரண்டுக்குப் பத்தடி அறை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என்று மூன்று மாதம் வகுப்பு, ஆய்வகம், அறை என்றே இருந்திருக்கிறாள். போனில் "நல்லாருக்கேன் தாத்தா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. பிப்ரவரித் தேர்வில் ஒரு தாளில் தோற்றாள். அங்கே ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் போனால் அந்தப் படிப்பே போய்விடும். வீட்டுக்குள் அடைந்து கிடந்ததால்தான் தோற்றாள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஊர் சுற்றியதால் தோற்றாள் என்று எவனும் சொல்ல முடியாது. சுற்றவே இல்லையே! அது மட்டும் நிச்சயம். மார்ச்சில் ஒரு நாள் என் மகளிடம் அழுதிருக்கிறாள். "எங்க போனாலும் குத்தம்னா எதுக்கும்மா வெளிய போகணும்" என்றாளாம்.

அதைக் கேட்ட பிறகுதான், மே மாதம் நானும் என் மனைவியும் மூன்று வாரம் போய் அவளோடு இருந்தோம்.

அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். ஆஹன் பேருந்து நிலையத்திலிருந்து மாஸ்ட்ரிக்டுக்கு நேர் பேருந்து. எல்லை எங்கே வருகிறது என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்ததே தெரியவில்லை, கடைப் பலகைகளில் மொழி மாறியிருந்தது, சைக்கிள் கூட்டம் கூடியிருந்தது, அவ்வளவுதான். போகிற வழியில் மார்க்ராட்டன் என்ற கிராமத்தில் "இறங்கு தாத்தா" என்றாள். இரண்டாம் உலகப்போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் கல்லறைத் தோட்டம். எட்டாயிரத்துக்கும் அதிகமான வெள்ளைக் கற்கள், வளைவு வளைவாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கல்லில் பெயர், படைப்பிரிவு, மாநிலம், இறந்த தேதி. பிறந்த தேதி இல்லை. அதனால் செத்தவனுக்கு எத்தனை வயது என்று தெரியாது, நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

சில கற்களின் கீழ் புதுப் பூக்கள் இருந்தன. யார் வைத்தது, அமெரிக்காவிலிருந்தா வருகிறார்கள் என்று கேட்டேன். இல்லையாம். சுற்று வட்டார டச்சுக் குடும்பங்கள் ஆளுக்கொரு கல்லறையைத் தத்து எடுத்திருக்கிறார்கள். போர் முடிந்த காலத்திலிருந்து நடக்கிறது. பாட்டி வைத்த பூவை இப்போது பேத்தி வைக்கிறாள். புதிதாகத் தத்து எடுக்க விரும்பினால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுக்க வேண்டுமாம். என் மனைவி அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெற்ற தாய்க்குக்கூடத் திதி கொடுக்க நேரமில்லாமல் ஆன்லைனில் பணம் கட்டுகிறவர்களை எனக்குத் தெரியும், அது இருக்கட்டும்.

பிறகு மாஸ்ட்ரிக்ட். 1992 பிப்ரவரி 7 அன்று ஐரோப்பிய ஒன்றியத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தான ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டு தேவாலயம் ஒன்றைப் புத்தகக் கடையாக்கியிருக்கிறார்கள். ஓவியம் தீட்டிய கூரைக்குக் கீழே எஃகில் மாடி மாடியாக அலமாரி. பழைய சுவரைச் சிதைக்காமல் அந்த எஃகுக் கட்டுமானத்தைத் தனியாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று பேத்தி அரைமணி நேரம் விளக்கினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் மூன்று மாதம் "நல்லாருக்கேன்" என்று மட்டும் சொன்ன வாய் அது.

இங்கே நான் ஒரு தப்பு செய்யப் பார்க்கிறேன். கட்டுமானம் படிக்கிற பெண், 1248இல் ஆரம்பித்து 1880இல் முடித்த கொலோன் பேராலயத்தைப் பார்ப்பது படிப்புக்கு உதவும். கலட்ராவா கட்டிய லியேஜ் ரயில் நிலையத்தின் கண்ணாடி வளைவைப் பார்ப்பதும் உதவும் என்று வாதாடலாம். உண்மைதான். ஆனால் இந்த வாதத்தை நான் வேண்டாம் என்று தள்ளுகிறேன். அப்படிச் சொன்னால் வரலாறோ கணினியோ படிக்கிற பிள்ளை ரயில் நிலையத்தைப் பார்க்கக்கூடாது என்றாகிவிடும். இருபத்துமூன்று வயசுப் பெண் வாரம் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாம் நாள் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊரைப் பார்க்க ஆசைப்படுகிறாள். இதற்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை அவளுக்கு இல்லை.

கடன் அட்டையைத் தேய்த்து வாரா வாரம் விமானம் ஏறி, வகுப்புக்கே போகாமல் இருக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்காக நான் பேசவில்லை. அவர்களைக் காட்டி மற்றவர்களை அடிக்காதீர்கள் என்கிறேன். கடனைப் பற்றி அவ்வளவு அக்கறை இருந்தால், பெயரே கேள்விப்படாத தனியார் கல்லூரிக்கு இருபது லட்சம் கட்ட வைத்துக் கமிஷன் வாங்குகிற ஏஜெண்டுகளைக் கேளுங்கள். நம் குழுவிலேயே இரண்டு பிள்ளைகள் அப்படிப் போயிருக்கிறார்கள். அங்கே எல்லோரும் வாழ்த்துத்தான் சொன்னோம்.

நான் மட்டும் யோக்கியன் இல்லை. நான் சிதம்பரத்தில் நான்கு வருடம் படித்தேன். கங்கைகொண்ட சோழபுரம் அங்கிருந்து நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஆஹனிலிருந்து லியேஜ் இருக்கிற தூரம்தான். போனதில்லை. "படிக்கிற வேலையை மட்டும் பார்" என்று அப்பா அஞ்சலட்டையில் எழுதியிருந்தார். அறுபத்தொரு வயதில், முழங்கால் வலியோடு போய்ப் பார்த்தேன். மேலே ஏற முடியவில்லை.

அதைவிட மோசமானது, நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தது. வங்கிகளின் கல்விக்கடன் திட்டத்தில் எவையெவை செலவாக ஒப்புக்கொள்ளப்படும் என்று ஒரு பட்டியல் உண்டு. கல்விக் கட்டணம், விடுதி, புத்தகம் எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கல்விச் சுற்றுலா, ஆய்வறிக்கை போன்றவையும் என்று இருக்கும். நான் மேலாளராக இருந்தபோது யாராவது அந்த இடத்தில் தொகை எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். விதியில் இடம் இருந்தும் அடித்தேன். 2006இல் இங்கிலாந்து போக இருந்த ஒரு பையன், தையற்கடைக்காரர் மகன், "சார், இது படிவத்துலயே இருக்கே" என்று கேட்டான். "படிக்கப் போறியா, ஊர் சுத்தப் போறியா?" என்றேன். ஆமாம், இதே வாக்கியம். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். பையனும் சிரிக்க முயன்றான்.

அதனால் மைத்துனரின் குரல்பதிவைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல் இல்லை. மீதிப் பாதி அவர்மேல்தான். இந்த முறை குழுவிலேயே பதில் போட்டேன்: கணக்குத் தாளையும் சேர்த்து. பதினோரு கட்டைவிரலில் மூன்று மறைந்துவிட்டது. மைத்துனர் இரண்டு வாரமாகப் போன் செய்யவில்லை. செய்வார், தீபாவளிப் பட்சணம் அவர் பங்கு இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

தோற்ற தாளைப் பேத்தி ஆகஸ்டில் எழுதித் தேறிவிட்டாள். இந்த மாதம் பென்ஷன் வந்ததும் அவளுக்கு நூறு யூரோ அனுப்பினேன். எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருந்த கட்டத்தில் 'கல்விச் சுற்றுலா' என்று எழுதினேன். கவுன்டரில் இருந்த இளைஞர் அதை அடிக்கவில்லை.