சுவரில் ஒரு கோடு



தங்கை குடும்பத்துக்கு வாடகை வீடு பார்க்க, போன மாதம் வண்ணார்பேட்டையில் மூன்று நாள் அலைந்தேன். ஆஸ்பத்திரிகளெல்லாம் கூப்பிடு தூரம். ஒரு பக்கம் பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்கள், மறுபக்கம் ஆற்றுப்பாலத்தைத் தாண்டினால் ஜங்ஷன். 1843-இல் சுலோசன முதலியார் கைக்காசைப் போட்டு அந்தப் பாலத்தைக் கட்டாதிருந்தால், இங்கே வாடகை இவ்வளவு ஏறியிருக்காதோ என்றுகூடத் தோன்றியது!

மூன்றாம் நாள், ஒரு முடுக்குக்குள் மனசுக்குப் பிடித்த வீடு அமைந்தது. தார்சா, பட்டாசல், வெளிச்சமான அடுப்படி, புறவாசலில் ஒரு முருங்கை. சுவரெல்லாம் புதுப் பெயின்ட் வாசனை. அட்வான்ஸ் பேச வாயெடுக்கும்போது, பக்கத்து வீட்டு ஆச்சி கை காட்டிக் கூப்பிட்டார். அவர் வீட்டுத் தார்சா சுவரில், என் இடுப்புயரத்தில், காவி நிறத்தில் ஒரு கோடு.

“இந்தா பாரு ஐயா, இது வரைக்கும் தண்ணி நின்னுச்சுல்லா. மொதல்ல இதப் பாத்துட்டு அப்புறமா வாடகையப் பேசு.”

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணி கரையை மீறி வந்து தெருக்களில் நின்ற நாட்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையே தண்ணீர் சூழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆச்சி வீட்டில் இருக்கிற கோடு பக்கத்து வீட்டிலும் இருந்திருக்கும். பெயின்ட் மூடிவிட்டது. கேட்டதும் வீட்டுக்கார அண்ணாச்சி மறைக்கவில்லை. “ஆமா, வந்துச்சு. நீங்க கேக்கலியே” என்றார்.

ஆறு வந்ததைச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. நாமோ, “நம்ம அண்ணாச்சிதான, எழுத்தெல்லாம் எதுக்கு?” என்று வாய்ப்பேச்சிலேயே குடியேறுகிறோம். காலி செய்கிற அன்று, ஆணி அடித்த ஓட்டைக்கும் வெள்ளையடிப்புக்கும் அட்வான்ஸில் பிடிக்கும்போதுதான் மனஸ்தாபம் வருகிறது.

1960-ஆம் வருடத்து வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். என்ன தகராறு என்றாலும் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. குடியிருப்பவரும் வாடகையைத் தேதி தவறாமல் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கிவைப்பது நல்லது.

அந்த வீட்டையே எடுத்தோம். வெள்ளம் புகுந்தால் வயரிங்குக்கும் மோட்டாருக்கும் ஆகிற செலவு வீட்டுக்காரருடையது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நியாயந்தான்” என்றார் அண்ணாச்சி. சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ஆச்சி எழுதி முடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஆடி கழியட்டும் என்கிறாள் தங்கை. ஆவணியில் பால் காய்ச்சுகிறோம்.

நீங்கள் குடியிருந்த வாடகை வீடுகளைப் பற்றி எழுதுங்கள். வீட்டுக்காரர்களும் எழுதலாம், அவர்கள் பக்கத்து நியாயத்துக்கும் இங்கே இடமுண்டு.

அன்புடன்,
ஆசிரியர்