பெரிய டயர் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் ஜீப் ராங்ளர் வாங்குகிற பலரும் முதலில் செய்வது என்ன? வண்டியை உயர்த்தி, 35 அங்குல டயர் மாட்டுவதுதான். பார்க்க மிரட்டலாக இருக்கும். அந்த டயரைச் சுழற்ற வேண்டிய ஆக்ஸிலை மட்டும் குனிந்து பார்ப்பதில்லை!

1997 முதல் 2006 வரை வந்த டிஜே மாடல் ராங்ளர் பலவற்றில் பின்னால் இருப்பது டானா 35 ஆக்ஸில். பெயரில் 35 இருப்பதால் 35 அங்குல டயரைத் தாங்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இதன் பெரிய பல்சக்கரத்தின் விட்டம் சுமார் 7.5 அங்குலம். டானா 44-இல் சுமார் 8.5. அதைவிடக் கவலையான விஷயம், டானா 35-இல் சக்கரத்தின் தண்டை உள்ளே பிடித்திருப்பது ஒரு சின்ன சி-கிளிப். தண்டு உடைந்தால் சக்கரமே வெளியே வந்துவிடலாம். பாறைக்காட்டில் என்றால் ஒரு நாள் வீண். நெடுஞ்சாலையில் என்றால்? பின்னால் வருகிறவர் என்ன பாவம் செய்தார்?

தடித்த தண்டு போட்டால் போதும் என்கிறார்கள் சிலர். தண்டு தாங்கும், சரி. பல்சக்கரம் அதே பழையதுதானே? இன்னொரு கூட்டம் 33 அங்குல டயருக்கே டானா 60 வேண்டும் என்கிறது. எடையும் கூடும், நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் கல்லில் இடிக்கவும் செய்யும். இது தேவை அல்ல, பகட்டு.

அடுத்தது ஸ்வே பார். இடது, வலது சக்கரங்களை இணைக்கும் இந்தக் கம்பி, வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கிறது. பாறையில் இதுவே முட்டுக்கட்டை. ஒரு சக்கரம் மேலேறும்போது மற்றது கீழிறங்க விடாது. அதனால் இதை அடியோடு கழற்றி வீசிவிட்டுச் சாலையிலும் அப்படியே ஓட்டுகிறார்கள். உயர்த்திய வண்டி, சாய்வைத் தடுக்கக் கம்பியும் இல்லை. குறுக்கே ஒரு மாடோ மானோ வந்து சட்டென்று திருப்பினால் என்ன ஆகும்?

2007-இல் வந்த ஜேகே ரூபிகானில் முன் ஸ்வே பாரை ஒரு பொத்தானை அழுத்தி விடுவிக்கலாம். வேகம் சுமார் 30 கிலோமீட்டரைத் தாண்டினால் தானாகவே மீண்டும் இணைந்துகொள்ளும். காரணமில்லாமலா தயாரித்தவர்கள் அப்படி வைத்தார்கள்? மற்ற வண்டிகளுக்கு, கையால் கழற்றி மாட்டும் இணைப்புகள் ஆக்ஸில் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கின்றன.

முதலில் அந்த இணைப்பு. பிறகு எந்த டயர் என்ற முடிவு. அந்த டயருக்கு ஏற்ற ஆக்ஸில் வந்த பிறகே டயர். இந்த வரிசையில் செலவழிக்க மனமில்லாதவர், கம்பெனி கொடுத்த டயரோடு சாலையில் ஓட்டுவதே எல்லோருக்கும் நல்லது.