கடற்பாசிச் சாறு: உரமா, ஊக்கியா?

காலிங்கராயன் வாய்க்காலின் கடைமடைப் பக்கம் கொடுமுடி. கரும்பும் மஞ்சளும் விளையும் இவ்வட்டார விவசாயி உரக்கடைக்குப் போனால், கடற்பாசிச் சாறு என்று எழுதிய பாட்டிலையும் பார்க்கலாம். அது கரும்புக்கு என்ன செய்யும்?

முதலில், அது எதிலிருந்து வருகிறது? ராமநாதபுரம் கடலோரத்தில் கப்பாஃபைக்கஸ் என்ற சிவப்புக் கடற்பாசியை மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். சுமார் 45 நாளில் அறுவடை. பச்சையாகவே அரைத்துப் பிழிந்தால் சாறு. மிஞ்சும் சக்கையிலிருந்து கராஜீனன் என்ற கூழ்ப்பொருள் கிடைக்கும். பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை இது.

இந்தச் சாறு உரம் அல்ல. ஒரு கணக்கு போட்டால் தெளிவாகும். ஆலைக் கரும்புக்கு ஹெக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு ஏறக்குறைய 110 கிலோ. சில லிட்டர் சாறு அதை ஈடுகட்டாது. இது உயிரூக்கி, அதாவது, பயிருக்குள் நடக்கும் வேலைகளைத் தூண்டிவிடும் பொருள். சாற்றிலுள்ள சைட்டோகைனின் செல் பிரிவதைத் தூண்டும். ஆக்சின் வேர் விடுவதைத் தூண்டும். வேர் பெருகினால், மண்ணில் ஏற்கெனவே இட்ட உரத்தைப் பயிர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும்.

எப்போது தெளிப்பது? கரும்பு மகசூல் என்பது கரும்புகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் எடையும் சேர்ந்தது. எண்ணிக்கை, முதல் நான்கு மாதம் தூர் கட்டும்போது முடிவாகிறது. எடை, அடுத்துவரும் வளர்ச்சிப் பருவத்தில் ஏறுகிறது. ஆகவே தூர் கட்டும் பருவமும் வளர்ச்சிப் பருவத்தின் தொடக்கமும் பொருத்தமானவை. அதற்குமேல் வளர்ந்த தோட்டத்துக்குள் தெளிப்பானோடு நுழைவதும் கடினம்.

2021-இல் மத்திய அரசு உயிரூக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்தது. கடற்பாசிச் சாறும் அதில் அடக்கம். வாங்கும்போது லேபிளைப் படிப்பது நல்லது.

நம் நாட்டு ஆய்வு வயல்களில் நடவுக் கரும்பிலும் மறுதாம்பிலும் மகசூல் கூடியிருக்கிறது. ஆனால் அங்கே பரிந்துரைத்த உரமும் இடப்பட்டிருந்தது. உரத்தைக் குறைத்துவிட்டுச் சாற்றை நம்புவது வேறு கணக்கு.

சொந்த வயலிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான்கு பாருக்குத் தெளிக்காமல் விடுங்கள். நான்காம் மாதம் தூர்களை எண்ணுங்கள். வெட்டும்போது தனியாக எடை போடுங்கள். கூடிய எடையின் விலை, சாற்றின் விலையையும் தெளிப்புக் கூலியையும் தாண்டினால், அடுத்த மறுதாம்புக்கும் தெளிக்கலாம்.