குழந்தைகளும் காந்தக் குண்டுகளும்

விளையாட்டு வினையாகும் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. அச்சொல்லுக்கு இக்காலத்தில் புதியதோர் உதாரணம் கிடைத்திருக்கிறது. மிளகளவே உள்ள காந்தக் குண்டுகள் நூறு, இருநூறு என்று சிறு டப்பிகளில் அடைத்து விற்கப்படுகின்றன. கைப்பேசியில் படத்தைப் பார்த்துப் பணம் செலுத்தினால், பாளையங்கோட்டையில் இருப்பவர் வீட்டு வாசலுக்கும் சில தினங்களில் அவை வந்து சேரும். இவ்வஸ்துவின் குணதோஷங்களை நிதானமாக ஆராய்ந்து, சர்க்கார் செய்யவேண்டியது யாது, பெற்றோர் செய்யவேண்டியது யாது என்று எடுத்துக் கூறுதல் நமது கடமையாகும்.

முதலில் குணத்தைச் சொல்லிவிடுவோம். குற்றத்தை மட்டும் விஸ்தரிப்பது நியாயமன்று. இக்குண்டுகள் ஒன்றையொன்று தாமே கவர்ந்து சங்கிலியாகும், சங்கிலி வளையமாகும், வளையங்கள் சேர்ந்து தட்டும் கோபுரமுமாகும். 216 குண்டுகளை ஆறு ஆறாக அடுக்கினால் கனசதுரம் ஒன்று பிறக்கும். ஐந்தைந்து குண்டுகளாக 12 வளையங்கள் செய்து இணைத்தால் 60 குண்டுகள் கொண்ட பந்து ஒன்று உருவாகும். 1985-ல் கண்டறியப்பட்டு, கண்டறிந்தோர் மூவருக்கு 1996-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்த 60 அணுக் கரி மூலக்கூறின் அமைப்பு அதுவே. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் நம் பெண்மக்கள் தரையில் செய்யும் கணிதத்தை இக்குண்டுகள் ஆகாயத்தில் செய்து காட்டுகின்றன என்றால் மிகையாகாது. கற்பனையுள்ள ஆசிரியர் கையில் இவை சிறந்த போதனா கருவி என்பதை நாம் தடையின்றி ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஆயினும், இவை நாம் சிறு வயதில் ஆணி பொறுக்கி விளையாடிய பழைய லாடக் காந்தத்தின் இனத்தைச் சேர்ந்தவையல்ல. நியோடிமியம், இரும்பு, போரான் ஆகிய மூன்றும் சேர்ந்த காந்தம் இது. 1980-களின் முற்பகுதியில் ஜப்பானில் மஸாட்டோ சகாவா என்பவரும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சியாளரும் தனித்தனியே இதனைக் கண்டனர். நமக்குத் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டிலும் நியோடிமியம் உண்டு. ஒலிபெருக்கிகளிலும் மின்சார மோட்டார்களிலும் பெரும் வேலை செய்யும் இக்காந்தத்தின் பலம் அளவில் சிறுத்தாலும் குறைவதில்லை. அபாயத்துக்குக் காரணமும் அதுவே.

ஒரு குண்டை மட்டும் குழந்தை விழுங்கிவிட்டால் அது பெரும்பாலும் மலத்துடன் வெளியேறிவிடும். இரண்டையோ பலவற்றையோ விழுங்கினால், அல்லது ஒரு காந்தத்துடன் வேறோர் இரும்புத் துண்டையும் விழுங்கினால், கதை வேறு. குடல் மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கிறது. ஒரு மடிப்பில் ஒரு குண்டும் அடுத்த மடிப்பில் மற்றொரு குண்டும் இருக்கையில் அவை ஒன்றையொன்று இழுத்து, இடையிலுள்ள குடற்சுவரைக் கிடுக்கிபோல் பற்றிக்கொள்ளுகின்றன. நசுங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் நிற்கிறது, சதை அழுகுகிறது, குடல் துவாரமாகிறது. வெளியிலோ முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சிறிது வாந்தி, சிறிது வயிற்றுவலி. அஜீரணம் என்று தாயார் எண்ணுவாள். எக்ஸ்ரேயில்கூட இரண்டு குண்டுகள் ஒட்டி ஒன்றேபோல் தோன்றக்கூடும். சிசுக்கள் மட்டுமே இதற்கு இரையாவதில்லை. நாக்கிலும் உதட்டிலும் நகை குத்தியதுபோல் வேடிக்கை காட்ட வாயில் ஒட்டவைத்துக்கொண்டு தவறி விழுங்கும் பதின்வயதினரும் உண்டு.

இங்கே நம் இல்லங்களிலுள்ள ஒரு வழக்கத்தைப் பற்றி எச்சரிக்கை செய்ய வேண்டும். குழந்தை காசை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துக் காத்திருப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். காந்தக் குண்டு விஷயத்தில் காத்திருத்தல் ஆகாது. வாந்தி எடுக்கச் செய்தலும் கூடாது. குண்டுகள் இரைப்பையில் இருக்கும்போதே குழாய்க் கருவியை வாய்வழியே செலுத்தி அவற்றை எடுத்துவிடலாம்; குடலுக்குள் இறங்கிவிட்டால் வயிற்றைக் கீறி ரண சிகிச்சை செய்ய நேரிடலாம். ஆதலின் சந்தேகம் தோன்றிய அக்கணமே, மீதிக் குண்டுகள் உள்ள டப்பியையும் எடுத்துக்கொண்டு, ஹைகிரவுண்டிலுள்ள நமது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். விழுங்கியது காந்தம் என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. பரிசோதனை அக்குழந்தைக்கு ஆகாது.

இவ்வபாயத்தைப் பிற தேசங்கள் அனுபவித்தே அறிந்தன. ஆஸ்திரேலியா 2012-லேயே இவற்றுக்கு நிரந்தரத் தடை விதித்தது. இங்கிலாந்தில் மூன்றாண்டுகளில் 65 குழந்தைகளேனும் அவசர ரண சிகிச்சைக்கு ஆளானதைக் கண்டு, அத்தேசத்துச் சுகாதார இலாகா 2021 மே மாதத்தில் எச்சரிக்கை விடுத்தது. அமெரிக்காவின் கதை நமக்குப் பெரும் பாடம் புகட்டுவது. அங்கே 2014-ல் கட்டுப்பாடு பிறந்தது. 2016-ல் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. அதன்பின் விஷத் தடுப்பு நிலையங்களுக்கு வந்த முறையீடுகள் பன்மடங்கு பெருகின. 2017 முதல் 2021 வரை ஆண்டொன்றுக்குச் சராசரி 2,400 பேர் காந்தம் விழுங்கி ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்கு வந்தனர் என்பது சர்க்கார் மதிப்பு. முடிவில் 2022-ல் புதிய விதி வந்தது. விளையாட்டு, அணிகலன், மன ஆறுதல் என்று எதன் பெயரால் விற்றாலும், தனித்துக் கழலும் காந்தம் விழுங்க முடியாத அளவு பெரிதாக இருக்கவேண்டும். அன்றேல் குறித்த அளவுக்கு மேல் பலமற்றதாக இருக்கவேண்டும் என்பதே அவ்விதி. வாங்குவோன் வயது என்ன என்று அது கேட்கவில்லை.

நமது தேசத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 2020-ல் பிறப்பித்து 2021 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த விளையாட்டுப் பொருள்கள் தரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, பொம்மைகள் யாவும் இந்தியத் தர நிர்ணய முத்திரை பெறவேண்டும். முத்திரையில்லாத பொம்மைகள் பெரிய கடைகளிலிருந்தே 2023 ஜனவரியில் ஆயிரக்கணக்கில் பறிமுதலாயின. ஆனால் அவ்வுத்தரவு 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கென்று உத்தேசித்த பொருள்களைப் பற்றியது. வியாபாரி என்ன செய்கிறான்? ‘14 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்’ என்றோ, ‘மேஜை மீது வைத்து மனச்சோர்வு தீர்க்கும் சாதனம்’ என்றோ ஒரு வரியை அச்சிட்டுவிட்டு, சட்டத்துக்கு வெளியே நின்றுகொள்ளுகிறான். அண்ணனுக்கென்று வாங்கிய டப்பி தம்பியின் கைக்கு எட்டாது என்பதற்கு யார் ஜாமீன்? சர்க்கரை மிட்டாய்போல் மின்னும் குண்டை வாயிலிடும் மூன்று வயதுக் குழந்தை டப்பியின்மேல் உள்ள எழுத்தைப் படித்துவிட்டா இடுகிறது?

இவ்வோட்டையை அடைக்கப் புதுச் சட்டம் இயற்றவேண்டியதில்லை. விளையாட்டுப் பொருள் இன்னதென்று கூறும் அவ்வுத்தரவின் வாசகத்திலேயே, மத்திய சர்க்கார் அவ்வப்போது அறிவிக்கும் வேறெந்தப் பொருளும் அதில் அடங்கும் என்று கண்டிருக்கிறது. விழுங்கத்தக்க அளவுள்ள பலத்த காந்தங்களை அவ்வாறு அறிவித்தால் போதும். மேலும், 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 20-வது பிரிவு, அபாயகரமான சரக்கைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்யும் அதிகாரத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அளிக்கிறது. அதிகாரம் ஏட்டில் உறங்குவதற்கு அன்று.

வயது வந்தோரின் சுதந்திரத்தில் சர்க்கார் தலையிடலாமா, வீட்டில் அரிவாள்மணையும் அடுப்பும் இல்லையா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அரிவாள்மணையின் கூர்மை கண்ணுக்குத் தெரியும். அடுப்பின் சூடு கைக்குத் தெரியும். இக்குண்டோ தன் தீமையை மறைத்து, இனிப்புப் பண்டத்தின் வேஷத்தில் வருவது. நாம் கேட்பது காந்தத்துக்குத் தடையன்று. விழுங்கமுடியாத அளவில் பெரிதாகவோ பலம் குறைவாகவோ செய்தால், கட்டி மகிழும் இன்பமும் கற்கும் பயனும் பெரிதும் குறையா.

இன்னொன்று. அன்னியப் பொம்மைகளின்மீது இறக்குமதித் தீர்வையை 2020-ல் 60 சதவிகிதமாகவும், 2023-ல் 70 சதவிகிதமாகவும் உயர்த்தினார்கள். சுதேசித் தொழிலைக் காக்க அது உதவலாம். வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களின் ஜில்லாவில் சுதேசியத்தை எதிர்ப்பவர் எவர்? தாமிரவருணிக் கரையில் அம்பாசமுத்திரத்துக் கைவினைஞர் மரத்தைக் கடைந்து வண்ணமிட்டுத் தரும் சொப்புச் சாமான்களைக் கொண்டு நம் பெண் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து விளையாடியிருக்கிறார்கள். ஆனால் தீர்வை விலையை உயர்த்துமேயன்றி அபாயத்தைக் குறைக்காது. இக்குண்டுகளை நாளை நம் தேசத்திலேயே உருட்டி விற்றாலும் குழந்தையின் குடலுக்கு அது சுதேசியென்று தெரியாது.

தடை ஒன்றே எல்லாம் செய்துவிடும் என்றும் நாம் எண்ணவில்லை. நியூஸிலாந்தில் 2013 முதல் தடையிருந்தும், தபாலில் வரவழைத்த குண்டுகளில் 80 முதல் 100 வரை விழுங்கிய 13 வயதுப் பையனுக்கு ரண சிகிச்சை செய்து குடலின் ஒரு பகுதியை நீக்க நேர்ந்ததாக 2025-ல் அத்தேசத்து வைத்தியர்கள் எழுதினார்கள். சட்டத்தோடு வீட்டின் விழிப்பும் சேரவேண்டும். குழந்தையுள்ள வீட்டில் இக்குண்டுகள் இருத்தல் ஆகாது. இருப்பின் இன்றே அப்புறப்படுத்துக. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடங்களும், கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையமும் இவற்றைப் பாடத்துக்கு உபயோகித்தால், ஆசிரியர் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, பூட்டி வைத்தல் வேண்டும். நமது பாராளுமன்ற அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை டில்லியில் எழுப்பவேண்டும். ஓர் அறிவிப்பில் முடியும் காரியத்தை ஒரு குழந்தையின் உயிர் போனபின் செய்வது ராஜ்ய பரிபாலனத்துக்கு அழகன்று.