அம்மம்மாவின் காணி உறுதி

யாழ்ப்பாணத் தீவகத்தின் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு போன்ற ஊர்களில் ஒரு குடும்பத்தின் வரலாறு தனிக் கதையாகச் சொல்லப்படுவது அரிது. காணியின் பெயரோடும் கிணற்றுப் பங்கோடும் கோயில் உபயத்தோடும் பிணைந்தே அது முதியவர்களின் நினைவில் நிற்கிறது. நயினை நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவை ஒட்டிக் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் வரும் வளர்ந்த பேரப்பிள்ளைகள், அம்மம்மாவின் அருகில் அமர்ந்து பழைய கதைகளைச் சொல்லும்படி கேட்டால், "என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை" என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும். அதே அம்மம்மாவிடம் பெட்டகத்தில் இருக்கும் காணி உறுதியை எடுத்துக் காட்டும்படி கேட்டுவிட்டால், பூட்டன் பூட்டி காலம்வரை பேச்சு தானாக விரியும்.

உறுதி என்பது நொத்தாரிசு ஒருவர் சாட்சிகளின் முன் எழுதி முடிக்கும் காணி ஆவணம். அதில் காணியின் பெயர், பரப்புக் கணக்கில் அதன் அளவு (ஏறத்தாழ 16 பரப்பு ஓர் ஏக்கர்), அதில் நிற்கும் பனை தென்னைகள், பங்குக் கிணற்றில் உள்ள உரிமை, காணி எவரிடமிருந்து எவ்வகையில் வந்தது என்ற விவரம், நான்கு எல்லைகளிலும் உள்ள காணிகளின் உரிமையாளர் பெயர்கள் ஆகியவை அடுத்தடுத்து வரும். எல்லைக்காரர் பலர் ஒரே வளவு பல பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டபோது பக்கத்துப் பங்கைப் பெற்ற சகோதரரும் அவர் வழிவந்தோருமே ஆதலால், எல்லைகளை வாசிப்பது உறவுமுறையை வாசிப்பதாகவே அமைகிறது.

காணி இப்படிப் பிள்ளைகளுக்குப் பிரிவதற்கு அடிப்படையாக இருப்பது தேசவழமை என்னும் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டிய இத்தொகுப்பு, தமிழில் பெயர்க்கப்பட்டு தமிழ்த் தலைவர்களான 12 முதலிகளின் ஒப்புதலைப் பெற்று, 1707 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அது சொத்தை மூன்றாகப் பகுக்கிறது: முன்னோர் வழியாக வருவது முதுசம், பெண்ணுக்குத் திருமணத்தில் கொடுப்பது சீதனம், மணவாழ்வில் இருவரும் ஈட்டுவது தேடிய தேட்டம். பழைய வழக்கில் தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றது. மணமகனே மனைவியின் சீதன வீட்டுக்குக் குடிபோவதும் வழக்கமாயிற்று. ஆகவே ஒரே வளவில் தாய், மகள், பேத்தி என்று பெண்வழியே குடியிருப்புத் தொடர்ந்த குடும்பங்கள் பல. வம்சாவளி எழுத முனைவோர் அப்பப்பாவின் பெயரிலிருந்து தொடங்கித் தந்தைவழியை மட்டும் வரைவது தீவக வாழ்வைப் பாதியாகக் குறைத்துவிடும் செயல். அந்த மண்ணின் தொடர்ச்சியை அறிந்தவர் பெரும்பாலும் அம்மம்மாவே.

தேடிய தேட்டம் என்ற பகுதிக்குள் ஆண்களின் அலைச்சல் அடங்கியிருக்கிறது. நன்னீரும் வயல்நிலமும் குறைந்த தீவுகளிலிருந்து இளைஞர்கள் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் கடை வைக்கப் போனார்கள். அந்தப் பணமே ஊரில் காணியாகவும் கல்வீடாகவும் கோயில் திருப்பணியாகவும் திரும்பி வந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அந்தக் கடைகள் பலவற்றை அழித்தன. ஓர் உறுதி எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அந்தக் காணி எந்த ஆண்டில் ஈடு வைக்கப்பட்டது என்று ஒப்பிட்டுக் கேட்டால், எழுதப்படாத அந்த இழப்பும் தெரியவரும்.

உறுதி சொல்லாமல் விடுவதும் உண்டு. அதையும் கேட்காமல் விடுவது நேர்மையன்று. கிணற்றில் பங்குள்ளவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். அதே கிணற்றில் வாளியை இறக்க விடப்படாதவர்களின் பெயர்கள் இரா. புங்குடுதீவு எழுத்தாளர் மு. தளையசிங்கம், ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயில் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971 இல் போராடிக் காவலில் அடைக்கப்பட்டார். 1973 இல் காலமானார். அந்நாட்களை நேரில் கண்ட முதியோர் இன்னும் இருக்கிறார்கள். தம் குடும்பம் அன்று எந்தப் பக்கம் நின்றது என்று பேரப்பிள்ளைகள் கேட்பதே தகும். மறுமொழி கசப்பாக இருந்தாலும் அதுவும் அவர்களுடைய முதுசமே.

போரைப் பற்றிய கேள்வி வேறு வகையானது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறை நோக்கி வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்ட 1985 மே 15 ஆம் நாளைப் பற்றி, அன்று உறவை இழந்தவரிடம் வற்புறுத்திக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. அவராகப் பேசத் தொடங்கினால் குறுக்கிடாமல் இருந்து கேட்பதே போதும்.

1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகத்தவர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது உறுதிகளைக் கைவிட்டுச் சென்றோர் பலர். பதிவு செய்யப்பட்ட உறுதியின் விவரத்தைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பெற வழியுண்டு. ஆனால் கிழக்கு எல்லையில் பெயர் வரும் பெண் அம்மம்மாவுக்கு என்ன முறை, அவர் ஏன் ஊரை விட்டுப் போனார் என்பதை எந்தப் பதிவகமும் சொல்லாது. அடுத்த திருவிழாவுக்கு ஊர் போகிறவர்கள் முதல் நாளிலேயே உறுதியை வாங்கி, நான்கு எல்லைப் பெயர்களையும் அம்மம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும்.