ஆடி ஓம்புக உடலை!

உடலை ஓம்புதல் என்றவுடன் பலர்க்கும் நினைவிற்கு வருவன, விடியலில் முகஞ்சுளித்துச் செய்யும் பயிற்சியும் மூடிய அறைக்குள் பொறியின்மேல் ஓடும் ஓட்டமுமே. இன்பம் இல்லாத எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. தைத் திங்களில் தொடங்கிய பயிற்சி மாசியில் கைவிடப்படுவதை வீடுதோறும் காணலாம். உள்ள உறுதி இல்லை என்று அவர்களைப் பழிப்பது எளிது. தேர்ந்த முறையே சலிப்பூட்டுவது என்பதை எண்ணுவார் சிலரே.

உலக நலவாழ்வு அமைப்பு 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை தெளிவானது. வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 மணித்துளி நடுத்தர அளவில் உடலை இயக்குதல் வேண்டும். இரண்டு நாளேனும் தசைகளை வலுவூட்டுதல் வேண்டும். 65 அகவை கடந்தோர்க்கு, விழாமல் நிற்கும் நிகர்நிலைப் பயிற்சியும் கிழமைக்கு மூன்று நாள் தேவை. 5 முதல் 17 அகவையினர்க்கு நாளொன்றுக்கு 60 மணித்துளி. ஆக, மூச்சு, வலிமை, நிகர்நிலை என மூன்றும் வேண்டப்படுகின்றன. ஒரே பயிற்சி இம்மூன்றையும் ஒருசேர நிறைவாகத் தருவது அரிது. ஒன்றையே நாள்தோறும் செய்யின், அதே உறுப்புகளே உழைக்கும். பிற உறுப்புகள் சோம்பிக் கிடக்கும்.

இதனை நம் ஊர்ப்புறத்து ஆடுகளங்கள் முன்பே நிறைவு செய்துவந்தன. மூச்சையடக்கிப் பாடிச்செல்லும் சடுகுடு நுரையீரலுக்கும் காலுக்கும் வேலை தரும். சிலம்பம் தோளையும் மணிக்கட்டையும் கண்ணையும் ஒருங்கே பழக்கும். இளவட்டக்கல் தூக்குதல் முதுகுக்கும் தொடைக்கும் வலிவு சேர்க்கும். ஒற்றைக் காலில் தாவும் பாண்டியாட்டம் நிகர்நிலையைக் கற்பிக்கும். குனிந்து நிமிர்ந்து கைகொட்டும் கும்மி, பாட்டோடு இடுப்பை வளைக்கும். பயிற்சி என்ற பெயரே இன்றிப் பயிற்சி நிகழ்ந்தது. அதனாலேயே எவர்க்கும் சலிக்கவில்லை.

இன்றைய நிலை என்ன? 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, உலகெங்கும் 11 முதல் 17 அகவையுள்ள மாணவருள் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு உடலை இயக்குவதில்லை. ஆண்பிள்ளைகளுள் 78 பேர். பெண்பிள்ளைகளுள் 85 பேர். நம் பள்ளிகள் பலவற்றில் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கும் அறிவியலும் விழுங்கிவிடுகின்றன. பெண்பிள்ளை பருவம் எய்தியதும் அவள் ஆட்டம் முற்றுப்பெறுகின்றது. ஆசிய விளையாட்டுப் போட்டியில் சடுகுடு 1990-இல் ஆடவர்க்கும், 2010-இல் மகளிர்க்கும் இடம்பெற்றது. களத்தில் இறங்கவே விடப்படாத மகளுக்கு அவ்விடத்தால் என்ன பயன்?

ஆட்டம் மறையின் சொல்லும் மறையும். கிளித்தட்டு ஆடாத தலைமுறைக்கு அச்சொல் அகரமுதலியில் உறங்கும் வெற்றெழுத்தே.

பழமை மட்டுமே போதும் என்பதன்று இதன் பொருள். நீந்துவோர் நீந்துக; மிதிவண்டி விரும்புவோர் மிதிக்க; தோட்டம் கொத்துவோர் கொத்துக. நெஞ்சாங்குலை நோயுடையோர் மருத்துவரைக் கேட்டுச் சிறுகச் சிறுகத் தொடங்குக. கிழமைக்கு மூவகை ஆட்டமேனும் மாற்றி மாற்றி ஆடுக; தனித்தன்றிக் கூடி ஆடுக. ஆசிரியர்காள், கவர்ந்த பாடவேளையைத் திருப்பித் தருக! பெற்றோர்காள், மகளையும் களத்திற்கு விடுக! ஆடி வளரும் பிள்ளையே நிமிர்ந்து நிற்கும் மாந்தனாவான்.